கப்படோக்கியா பலூன் செட்: விடியல் இருக்கிறது, இரவு எங்கே?

கிளப்புகளில் ஆடுவதற்கான மின்னணு நடன இசையான ஹவுஸில், விடியற்காலை செட் (ஒரு கலைஞர் இடைவிடாமல் தொடர்ந்து போடும் இசை) என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் பென் போமரின் பலூன் வீடியோ லிங்க்கை அனுப்பிவிடுவார். துருக்கியின் கப்படோக்கியாவில், சூரியன் எழும் நேரத்தில், வெப்பக்காற்று பலூனின் கூடைக்குள் நின்றபடி அந்த ஜெர்மன் இசைக்கலைஞர் வாசித்தது. விதவிதமான இடங்களில் இசை நிகழ்ச்சிகளைப் படம்பிடிக்கிற, பாரிஸைச் சேர்ந்த செர்க்கிள் குழு 2020இல் படம்பிடித்து யூடியூபில் போட்டது, இலவசமாகவே பார்க்கலாம். அதைத்தான் இங்கே விமர்சிக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகக் கேளுங்கள், அருமையான இசை, ஆனால் விடியற்காலை செட் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வகைக்கு உயிர் கொடுக்கிற ஒரு விஷயம் இதில் இல்லவே இல்லை.

ராத்திரி பதினொரு மணிக்குப் போடுகிற செட்டும் காலை ஐந்தரைக்குப் போடுகிற செட்டும், அதே டிஜே, அதே பாட்டுகள் என்றாலும், ஒன்றாகாது. பதினொரு மணிக்கு வந்திருக்கிறவர்களைச் சூடேற்ற வேண்டும், பாருக்கும் வாசலுக்கும் அலைகிற கூட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். விடியும்போது மிச்சம் இருக்கிறவர்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறவர்கள். கால் கடுக்கும், வியர்வை காய்ந்து லேசாகக் குளிரெடுக்கும், ஐந்தாறு மணி நேரமாக அதே நாலு தட்டு கிக்கை, அதாவது பெரிய டிரம்மின் இடியை, கேட்டுக் கேட்டு உடம்பு அதைத் தனியாகக் கவனிப்பதையே விட்டிருக்கும். அந்த நிலையில் இருக்கிற ஒருவர் மேல் ஒரே ஒரு பியானோ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வந்து விழுந்தால் போதும். சாயங்காலம் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கும் அதே கார்டு அப்போது கண்ணைக் கலங்க வைக்கும். அந்தக் கலக்கத்தில் பாதி அந்த இரவு செய்த வேலை.

இதன் கதை கொஞ்சம் தெரிந்தால் நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும். ஹவுஸ் பிறந்தது இருட்டில். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் 1982 வரை ஃபிராங்கி நக்கிள்ஸ் இசை போட்டபோது, வெளியே ஒதுக்கப்பட்ட கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு இளைஞர்கள் உள்ளே வந்து ஞாயிறு விடிந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இருட்டு அவர்களுக்குப் பாதுகாப்பு. சூரியனை நேரடியாக நடனத் தளத்துக்கே கூட்டிவந்த இடம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஸ்பெயினின் இபிசா தீவில் இருக்கும் அம்னேசியா. பழைய பண்ணை வீடு ஒன்றைக் கிளப்பாக மாற்றியது, ஆடுகிற இடத்துக்கு மேலே அப்போது கூரை கிடையாது. 1980களின் நடுவில் அங்கே டிஜேவாக இருந்த அர்ஜென்டினாக்காரர் ஆல்ஃபிரெடோ, மற்ற கிளப்புகளிலிருந்து வருகிறவர்களுக்காக நள்ளிரவு தாண்டித் தொடங்கி, பகல் நன்றாக ஏறும்வரை போவார். ஹவுஸ் ரெக்கார்டுகளோடு பாப், ரெகே என்று கைக்குக் கிடைத்த நல்லதை எல்லாம் கலந்தார். 1987 கோடையில் லண்டனிலிருந்து போன பால் ஓக்கன்ஃபோல்டு, டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் ஆகிய நால்வரும் அங்கே கேட்டதை ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கள் கிளப்புகளில் செய்து பார்த்தார்கள், பிரிட்டனில் ஹவுஸ் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் அம்னேசியாவுக்கும் கூரை வந்துவிட்டது, அது வேறு கதை.

இன்றைக்கு அந்த மரபு பெரிய அளவில் தொடர்கிற இடங்களில் ஒன்று அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள பிளாக் ராக் பாலைவனம். பர்னிங் மேன் என்ற கலைத் திருவிழா நடக்கும் வாரத்தில், உச்சியில் இதய வடிவச் சட்டம் வைத்த ரோபோ ஹார்ட் என்ற பேருந்து, ஸ்பீக்கர்களைச் சுமந்துகொண்டு அந்த வறண்ட ஏரிப் படுகையில் தூரமாகப் போய் நின்றுவிடும். தூசி படிந்த சைக்கிள்களில் ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்கள். அங்கே விடியலில் போட்ட பல செட்டுகளின் பதிவுகளும் கேட்கக் கிடைக்கின்றன. ஒலித்தரம் பிரமாதமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தப் பதிவுகளில் டிஜே அவசரப்பட மாட்டார், எதிரே நிற்கிற கூட்டம் எங்கேயும் ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

சரி, அவசரப்படாமல் இருப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சூரியத் தட்டின் மேல் விளிம்பு அடிவானத்தில் தெரிவதிலிருந்து முழு வட்டமும் மேலே வருவதற்கு, கப்படோக்கியா இருக்கிற அட்சரேகையில், ஏறக்குறைய 3 நிமிடம்தான் ஆகும். ஹவுஸ் நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் 32 பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) கொண்ட ஒரு சுற்று 64 நொடி. அதாவது சூரிய உதயம் என்கிற அந்த முழு நிகழ்வும் மூன்று சுற்றுக்குள், ஒரு பாட்டின் பாதியில், முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் வெளிச்சம் மெல்ல மெல்லப் பரவுகிற அரை மணி நேரம் இருக்கிறது பாருங்கள், முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிற நேரம், பக்கத்தில் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டிருந்தவரின் சட்டை என்ன நிறம் என்று அப்போதுதான் தெரிகிற நேரம், உண்மையான செட் அதுதான். சூரியன் தலைகாட்டியதும் டிராப்பை, அதாவது தாளம் மொத்தமாக வந்து விழுகிற இடத்தை, போட்டுக் கைதட்டு வாங்குவது சுலபம். அந்த அரை மணி நேரம் முழுக்க எதையும் உடைக்காமல், ஒவ்வொரு பாட்டிலும் ஒரு துளி வெளிச்சம் கூட்டிக்கொண்டே போவதற்குத்தான் கை வேண்டும்.

இந்த விஷயத்தில் பென் போமருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அவருடைய இசையே அந்த வகை. பெர்லினில் இருந்து இசை அமைப்பவர், முதல் ஆல்பம் 2019இல் அஞ்சுனாடீப் லேபிளில் வந்தது. மெதுவாக விரிகிற பின்னணி ஒலிகள், அதன்மேல் பியானோ, மூச்சுக்காற்றோடு கலந்த குரல், அடியில் சத்தம் போடாமல் நடக்கிற பேஸ் என்ற தாழ்ந்த ஒலி. கிக் இருக்கும், ஆனால் நெஞ்சில் இடிக்காது. செட்டின் தொடக்கப் பகுதியில் தாளத்தைவிட இசையின் நிறத்துக்குத்தான் அவர் இடம் கொடுக்கிறார், கீழே பள்ளத்தாக்குகள் நிழலில் கிடக்கும்போது அது அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அப்புறம் ஒளி பாறைகளின் உச்சியைத் தொட்டு இறங்க இறங்க, ஹைஹாட் என்ற சிறு தாளத் தட்டின் ஒலியும் கைத்தட்டு ஒலியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. எங்கேயும் 'இதோ பார் சூரியன்' என்று கை நீட்டிக் காட்டுகிற மாதிரி ஒரு பெரிய வெடிப்பு இல்லை. அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று, விடியல் இசை என்றால் உற்சாகமாக, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், காலை டிவி நிகழ்ச்சிகளின் முகப்பு இசை அப்படிப் பழக்கிவிட்டது. பூபாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் சேர்ந்து வருகிற அந்த ராகத்தில் கொண்டாட்டத்தைவிட ஒரு தவிப்புதான் அதிகம். போமரும் மைனர் ஸ்வரக் கோவைகளிலேயே பெரும்பாலும் உலவுகிறார். ஒரு இரவு முடிகிறதே என்கிற வருத்தமும் பகல் வந்துவிட்டதே என்கிற நிம்மதியும் சேர்ந்த உணர்வு, அதைப் பெரும்பாலான இடங்களில் சரியாகப் பிடிக்கிறார்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான பாறை, அதன்மேல் கடினமான பாறைத் தொப்பி, மழையும் காற்றும் அடியை அரித்துக்கொண்டே போக, தொப்பி மட்டும் தாங்கி நிற்கும் தூண்கள். கோரெமே தேசியப் பூங்காவும் அதைச் சுற்றிய பாறை வாழிடங்களும் 1985 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. பலூன்கள் அங்கே விடியலில் பறப்பது அழகுக்காக மட்டும் இல்லை: இரவு முழுக்கக் குளிர்ந்த தரைக்கு மேலே காற்று அசையாமல் இருக்கும், வெயில் ஏறித் தரை சூடானதும் வெப்பக் காற்று மேலே கிளம்பிப் பலூனை ஆட்டிவிடும், அதனால் அதற்குள் இறங்கியாக வேண்டும். ஒரு கிளப்பில் உரிமையாளர் வந்து நேரமாயிற்று என்று சொல்வார், இங்கே அதைத் தரையின் சூடு சொல்கிறது. செட்டும் அந்தப் பறப்புக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். நான் ரசித்த இன்னொரு விஷயம்: பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் கூடைக்குள் இருக்கிறவருக்குக் காற்று அடிக்காது. அவ்வளவு உயரத்தில் அந்த மனிதர் வீட்டு அறையில் நிற்பதுபோல நின்று கீபோர்டை வாசிக்கிறார். அந்த அமைதி இசைக்குள்ளும் வந்துவிட்டது.

இனி குறைகள்.

பெரிய குறை, தலைப்பிலேயே சொன்னது. பலூனில் ஏறியவர் இரவைக் கடந்து வந்தவர் இல்லை, எழுந்து வந்தவர். ஆடுகிற ஒருவர்கூடச் சட்டகத்தில் இல்லை. இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, 2020இல் உலகம் முழுக்கக் கிளப்புகள் பூட்டிக் கிடந்தன, ஆட்கள் இல்லாத இடத்தில் வாசிப்பதைத் தவிர பலருக்கு வழியில்லை. அந்த வருடத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த வீடியோ எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் கேட்கிறவர் காதில் அந்த இல்லாமை விழுகிறது. கூட்டம் முன்னால் இருக்கும்போது டிஜே அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார், சோர்ந்துபோகிறார்களா, இன்னும் ஒரு சுற்று தாங்குவார்களா என்று, அதற்கேற்ப ஒரு பாட்டை நீட்டுவார், ஒன்றைப் பாதியில் வெட்டுவார். இங்கே பதில் சொல்ல யாரும் இல்லாததால் செட் முன்பே வரைந்த கோட்டில் போகிறது. செட்டின் நடுப்பகுதியில் இது நன்றாகவே தெரிகிறது, ஒரு பாட்டு போலவே அடுத்ததும் பின்னணி ஒலியில் தொடங்கி, குரல் வந்து, தணிந்து, மறுபடி எழுந்து முடிகிறது. தரையில் ஆட்கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் யாராவது ஒருவர் முகம் சுளித்திருப்பார், அதைப் பார்த்துப் போமரும் வேறு பக்கம் திரும்பியிருப்பார்.

இரண்டாவது, இது கறாராகப் பார்த்தால் டிஜே செட்டே இல்லை, லைவ் செட். தன் சொந்தப் பாட்டுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கேயே அடுக்குகிறார். இதில் லாபமும் உண்டு, வெளிச்சம் வர இன்னும் கொஞ்சம் ஆகும் என்று பட்டால் தாளம் ஓய்ந்து மெலடி மட்டும் ஓடுகிற ஒரு பிரேக்டவுனை வேண்டிய அளவு இழுக்க முடியும். ஆனால் டிஜேயின் பெரிய ஆயுதம் தேர்வு. ஆல்ஃபிரெடோ மாதிரி ஒருவர் அந்த நேரத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு பழைய பாட்டை, எல்லோருக்கும் தெரிந்த ஆனால் அந்த வேளையில் யாரும் கேட்டிராத ஒன்றை எடுத்துப் போடும்போது நடக்கிற அந்தத் திடுக்கிடல் இதில் கிடைக்காது. ஒரே ஆள், ஒரே மனநிலை, தொடக்கம் முதல் முடிவுவரை.

மூன்றாவது, டிரோன். காட்சிகள் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலில் வாய் பிளந்து பார்க்கிற காட்சி திரும்பத் திரும்ப வரும்போது காதைக் கண் விழுங்கிவிடுகிறது. ஒரு நுட்பமான பேஸ் மாற்றம் நடக்கிற இடத்தில் நாம் பலூன்களை எண்ணிக்கொண்டிருப்போம். என் யோசனை: முதல் தடவை பாருங்கள், இரண்டாவது தடவை திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எனக்கு இரண்டாவது வழியில்தான் செட் பெரிதானது. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும், பேஸ் ஒழுங்காக வருகிற ஹெட்போனாவது வேண்டும்.

இந்த இசைக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அஞ்சுனாடீப், அஞ்சுனாபீட்ஸ் என்ற லண்டன் லேபிளின் கிளை; அந்தப் பெயர் கோவாவின் அஞ்சுனா கடற்கரையிலிருந்து எடுத்தது. விடியும்வரை ஆடி, விடிந்த பிறகும் ஆடுகிற பழக்கத்தை உலகுக்குக் காட்டிய இடங்களில் அஞ்சுனாவும் ஒன்று, அங்கே ஒலித்தது பெரும்பாலும் டிரான்ஸ் என்ற வேறொரு மின்னணு நடன இசை, ஹவுஸ் இல்லை என்றாலும். ஒரு சுவையான விஷயம், அஞ்சுனா மேற்குப் பார்த்த கடற்கரை. சென்னைக்காரர்களுக்குக் கடலிலிருந்து சூரியன் எழுந்துதான் பழக்கம், அங்கே சூரியன் தென்னைகளுக்குப் பின்னால், நிலத்திலிருந்து வரும். கடலைப் பார்த்து ஆடுகிறவருக்கு உதயம் முதுகில் விழும், முதலில் எதிரே இருக்கிற தண்ணீரின் நிறம்தான் மாறும். அந்த மறைமுகமான வெளிச்சத்துக்கு ஏற்ற செட்டை யாராவது நல்ல ஹவுஸ் டிஜே பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நம் நாட்டில் இது அவ்வளவு எளிதில் நடக்காது என்பதும் தெரியும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது, வருடத்தில் சில நாட்களுக்குத் தளர்வு கொடுத்தாலும் அதுவும் நள்ளிரவுவரைதான். தூங்குகிறவர்களின் பக்கம் இருக்கிற விதி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் திறந்த வானத்தின் கீழே இரவு முழுக்க ஆடி, ஒரு விடியலைக் கூட்டமாகச் சந்திக்கிற அனுபவம் இங்கே பலருக்கும் கிடைக்காது, பதிவுகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் எந்தப் பதிவு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஹவுஸ் பக்கமே வராதவர்களுக்கு முதல் செட்டாகத் தாராளமாகக் கொடுக்கலாம், மிரட்டாது, மெலடி பழகிய காதுக்கு உடனே பிடித்துவிடும். சமைக்கும்போது, எழுதும்போது பின்னணியில் ஓடவிடுகிறவர்களுக்கும் பொருந்தும், அப்படிக் கேட்பதில் தப்பில்லை. சிகாகோவின் அந்தக் கரடுமுரடான டிரம் மெஷின் ஒலி, அடிவயிற்றில் பிடிக்கிற பேஸ், பாடகியின் முழுத் தொண்டைக் குரல், இதெல்லாம்தான் ஹவுஸ் என்று நம்புகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதை உண்மையில் யார் கேட்க வேண்டும் என்றால், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். ஓஎம்ஆரில் விடியற்காலையில் கம்பெனி கேப் ஏறி வீட்டுக்குப் போகிறவர்கள், இரவுப் பணி முடிந்து முதல் பேருந்துக்கு நிற்கிற நர்ஸ்கள், ராத்திரி முழுக்க லாரி ஓட்டி விடியலில் டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டுகிறவர்கள். பலூனில் இல்லாத அந்த இரவு அவர்களிடம் இருக்கிறது. கால் கடுத்து, கண் எரிந்து, காது மட்டும் விழித்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் இந்த செட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டுக் கேட்டால், நான் குறை சொன்ன நடுப்பகுதிகூட வேறு மாதிரி கேட்கும் என்று நினைக்கிறேன். ஒரு சின்ன நடைமுறை யோசனை: சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்னால் தொடங்குங்கள். நம் ஊரில் விடியல் அங்கே இருப்பதைவிடச் சற்று வேகமாக நடந்து முடிந்துவிடும், தாமதித்தால் செட் பாதியை எட்டுவதற்குள் வெயில் வந்துவிடும்.

இது பிடித்துப்போனால் அடுத்து ரோபோ ஹார்ட்டின் விடியல் பதிவுகளில் நீளமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் கேளுங்கள். செர்க்கிள் குழுவிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. இடம் தேர்ந்தெடுப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை, அடுத்த தடவை ஒரு விடியலைப் படம்பிடிக்கும்போது கேமராவை முந்தின இரவு பத்து மணிக்கே ஆன் செய்துவிடுங்கள், ஆட வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு.